பெருக்காத மூலை

புரட்டாசி 28

மொட்டைமாடியில் காய்ந்த துணி எடுத்துக்கொண்டிருந்தேன். மணி ஐந்தே முக்கால். கீழே நார்த்தை மரத்தடியிலிருந்து சீட்டி. ஒரு சுரம் மேலே, ஒரு சுரம் கீழே. தெருமுனையில் நின்று யாரோ கூட்டாளியைக் கூப்பிடுகிற மாதிரி. மூன்று தடவை. அப்புறம் ஒன்றும் இல்லை.

ஆறுமணிக்குருவி வந்துவிட்டது.

கேமரா பீரோவில். எடுத்து வந்திருந்தாலும் வெளிச்சம் ஏது? நோட்டில் மட்டும் எழுதிவைத்தேன். பெயரிலேயே நேரத்தை வைத்திருக்கிற பறவை இது. விடிகிறபோதும் இருட்டுகிறபோதும் கூப்பிடும். மற்ற நேரமெல்லாம் சருகைப் புரட்டிக்கொண்டு வாயைத் திறக்காது. தோட்டக்கள்ளன் என்றும் ஒரு பெயர் உண்டு. என் அனுபவத்தில் அதுதான் பொருத்தம்: ஆறு வருடமாக வந்துபோகிறது, உருப்படியாக ஒரு படம் கிடைக்கவில்லை.

ஐப்பசி 2

காலை ஏழு மணிக்குப் பக்கத்து வீட்டுப் பையன் மூச்சிரைக்க ஓடி வந்தான். "டீச்சர், எங்க பாத்ரூம்ல ஒரு கலர் குருவி உக்காந்துனு கீது. அம்மா கதவச் சாத்தினு வெளிய நிக்குது."

போனேன். பச்சை பிளாஸ்டிக் பக்கெட்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. இந்த மாதத்தில் இது நடக்கும். மழைக்காலத்தில் மத்திய இந்தியாவிலும் இமயமலை அடிவாரத்திலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தெற்கே வருகிற பறவை. சில இலங்கை வரைக்கும் போகும். பறப்பது இரவில். களைத்துப்போய் விடிகாலையில் எங்கே நிழலும் மறைவும் தெரிகிறதோ அங்கே இறங்கிவிடும். கோயில் மண்டபம், மாடிப்படிக்கு அடியில், கார் ஷெட், பாத்ரூம்.

துண்டைப் போட்டு மெல்ல எடுத்தேன். ஒரு கோழிமுட்டை கனம், அவ்வளவுதான். நெற்றியிலிருந்து பிடரி வரை நடுவில் ஒரு கறுப்புக் கோடு. கண்ணைத் தாண்டி இரண்டு பக்கமும் மை தீட்டியது போல இன்னொரு பட்டை, அதற்கு மேல் வெள்ளைப் புருவம். தொண்டை வெள்ளை, மார்பு சந்தன நிறம், முதுகு இலைப்பச்சை. இறக்கையில் ஒரு நீலம் இருக்கிறது, அதற்குத் தமிழில் என்ன பெயர் சொல்வது என்று இன்றுவரை தெரியவில்லை. புதுப் பட்டுப்புடவையை வெயிலில் திருப்பினால் ஒரு கணம் தெரியுமே, அது. வாலடியில் குங்குமச் சிவப்பு. வால் என்று ஒன்று இருக்கிறதா என்றே கேட்கத் தோன்றும். இதை வைத்துக்கொண்டுதான் இத்தனை தூரம் வந்திருக்கிறது.

போன வருடம் இதே போல ஒன்று எங்கள் மாடிப்படிக்கு அடியில் கிடந்தது. பாவம், தாகமாக இருக்கும் என்று ஸ்பூனால் அலகில் தண்ணீர் விட்டேன். மூச்சுக்குழாயில் போயிருக்க வேண்டும். அரைமணி நேரத்தில் கழுத்து தொங்கிவிட்டது. நார்த்தை மரத்தடியில்தான் புதைத்தேன். இந்தத் தடவை தண்ணீரும் இல்லை, அரிசியும் இல்லை. செருப்பு டப்பாவில் நாலு ஓட்டை போட்டு, அடியில் பழைய துண்டு விரித்து, உள்ளே விட்டு மூடினேன். விசிறி ஓடாத அறையில், யாரும் எட்டிப் பார்க்காத இடத்தில் நாள் முழுக்க வைத்தேன். பையன் பத்து தடவை வந்தான். பத்து தடவையும் திருப்பி அனுப்பினேன்.

மாலை ஐந்தரைக்குப் புழக்கடையில் மூடியைத் திறந்தேன். ஒரு நிமிடம் அப்படியே இருந்தது. பிறகு டப்பாவின் விளிம்பில் ஒரு குதி, தரையில் ஒரு குதி, நார்த்தை மரத்தடிச் சருகுக்குள் போய்விட்டது.

படம்? காலையில் போனில் எடுத்த ஒன்றுதான். பக்கெட்டின் பாதி, குழாயடிப் பாசி, மூலையில் ஆட்டம் கண்ட ஒரு நிறக்கலவை. நண்பர்களுக்கு அனுப்ப வெட்கமாக இருக்கிறது. ஆனால் நாளும் இடமும் அதில் பதிந்திருக்கிறது.

ஐப்பசி 9

சருகுப் பிரச்சினை திரும்ப வந்துவிட்டது.

அத்தைக்கு எண்பத்திரண்டு வயது. பெருக்காத புழக்கடையை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. "குப்பை சேத்து வெச்சா லட்சுமி எந்தப் பக்கமா வருவா?" என்றார். வேலைக்கு வருகிற பெண்ணும் துடைப்பமும் கையுமாக அத்தை பக்கம்தான். நான் நார்த்தை மரத்தடியில் பத்துக்குப் பத்தடி மூலை ஒன்றை மட்டும் கேட்டேன். அங்கே விழுகிற இலை அங்கேயே கிடக்கட்டும். இலைக்கு அடியில் ஈரம், ஈரத்தில் புழு, புழுவுக்கு ஆறுமணிக்குருவி. தவிட்டுக்குருவிகளுக்கும் அதேதான் சாப்பாட்டு மேசை. ஏழெட்டாக வந்து கச்சேரி வைத்துக்கொண்டு இலையை ஒவ்வொன்றாகத் தூக்கிப் போடும். ஒன்று மட்டும் மதில்மேல் உட்கார்ந்து காவல். இந்த மஞ்சள் அலகுத் தவிட்டுக்குருவி தென்னிந்தியாவையும் இலங்கையையும் விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது என்று சொன்னேன். அத்தை, "இதுவா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

பாம்பு வரும் என்கிறார்கள். வரும்தான். எங்கள் வேங்கிக்காலில் பெருக்கிய வீட்டுக்கும் வந்திருக்கிறது.

ஐப்பசி 24

மழை. ஏரிக்கரை போனேன். நாமக்கோழி, முக்குளிப்பான், நத்தைகுத்தி நாரை பதினொன்று. வேலூர் ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தால் நாமக்கோழிகள் தலையைக்கூடத் திருப்புவதில்லை. ஆள் ஒருத்தி குடையை விரித்தால் எல்லாம் அக்கரைக்குப் போய்விடுகின்றன.

கார்த்திகை தீபம்

மலையுச்சிக் கொப்பரையில் தீபம் எரிவது எங்கள் மாடியிலிருந்தே தெரியும். பதினோரு நாள் எரியும். 2024 தீபத்துக்கு முன்னால் ஃபெஞ்சல் புயல் மழையில் டிசம்பர் 1 அன்று மலைச்சரிவு இறங்கி வ.உ.சி. நகரில் குழந்தைகள் உட்பட ஏழு பேர் போனார்கள். அந்த வருடம் பக்தர்களை மலைமேல் ஏற விடவில்லை. மண் சரிந்த தடத்தைப் பார்க்கும்போதெல்லாம் பைனாகுலரைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்கிறேன்.

இந்த ஊர்த் தல புராணமே ஒரு பறவைக் கதை என்பது பறவை பார்க்க ஆரம்பித்த பிறகுதான் உறைத்தது. சிவனின் அடியைத் தேடி விஷ்ணு பன்றியாகப் போனார். முடியைத் தேடி பிரம்மா அன்னமாகப் பறந்தார். விஷ்ணு முடியவில்லை என்று ஒத்துக்கொண்டார். அன்னம் என்ன செய்தது? வழியில் விழுந்துகொண்டிருந்த தாழம்பூவைச் சாட்சிக்குப் பிடித்து, முடியைப் பார்த்தேன் என்று சொல்லிவிட்டது. பார்க்காத ஒன்றைப் பார்த்ததாகப் பட்டியலில் சேர்த்த முதல் ஆள். இன்றைக்கும் பறவை பார்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் வாரத்துக்கு ஒரு அன்னமும் ஒரு தாழம்பூவும் உண்டு. நானும் இருந்திருக்கிறேன்.

மார்கழி 11

எங்கள் ஊர்ப் பெரிய கோயில். அருணகிரிநாதர் கிளியாகி வந்து தங்கிய கோபுரம் என்று கிளி கோபுரத்தைச் சொல்வார்கள். கேமராவுக்கு உள்ளே கெடுபிடி. வெறுங்கண்ணால் பார்த்தால் போதும். பொந்துகளில் பச்சைக்கிளி, மைனா, மாடப்புறா, மேலே வட்டமடிக்கிற உழவாரன்கள். உழவாரனுக்கு நாலு விரலும் முன்பக்கம்தான். கிளையில் உட்காரத் தெரியாது. சுவரில் தொற்றும், அல்லது பறக்கும். கோபுரத்தைப் பாறை என்று நினைத்துக் குடியேறிய பறவை, அதன் கணக்கில் தப்பில்லை.

அங்கிருந்து ரமணாசிரமம். மயில்கள் அன்னதானக் கூடத்து வாசலில் நிற்கின்றன, வரிசையில் வராமல். 1947இல் பரோடா அரண்மனையிலிருந்து ஒரு வெள்ளை மயில் இங்கே வந்தது. ரமணர் அதோடு இருக்கிற படங்கள் உண்டு. வெளிநாட்டுக்காரர் ஒருவர் பெரிய லென்ஸோடு மயிலின் தோகையைத் துரத்திக்கொண்டிருந்தார். நான் ஆசிரமத்துப் பசு லட்சுமியின் சமாதிப் பக்கம் போனேன். அங்கே வரிசையாக மான், நாய், இவற்றோடு ஒரு காகத்துக்கும் சமாதி இருக்கிறது. காகத்துக்குப் பிண்டம் வைக்கிற ஊர் எத்தனையோ. சமாதி கட்டிய இடம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

தை 2

பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு. 2015இலிருந்து தமிழ்ப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் விடுமுறையில் நடத்துகிறார்கள். விதி எளிது: இருக்கிற இடத்தில் குறைந்தது 15 நிமிடம் பார்த்து, என்ன பறவை, எத்தனை என்று இபேர்ட் தளத்தில் ஏற்றவேண்டும். படம் வேண்டாம், லென்ஸ் வேண்டாம்.

கரும்புச் சக்கையை ஓரமாக ஒதுக்கிவிட்டு துவைக்கிற கல்லில் உட்கார்ந்தேன். காலை 7.10 முதல் 7.40 வரை:

காகம் 9. மைனா 6. தவிட்டுக்குருவி 8. செம்புழைச் சின்னான் 3. ஊதாப்பிட்டத் தேன்சிட்டு ஒரு ஜோடி. தையல்சிட்டு 1, குரல் மட்டும். செம்மார்புக் குக்குறுவான் 1, தூரத்தில் செம்பு தட்டிக்கொண்டே. செம்போத்து 1, மதில்மேல் இடமிருந்து வலம் போனது. அத்தை அதற்குள் மனசுக்குள் ஏதோ வேண்டிக்கொண்டுவிட்டார். பச்சைப் பஞ்சுருட்டான் 4, கேபிள் கம்பியில். அண்டங்காக்கை இல்லை. சிட்டுக்குருவி இல்லை, பழைய ஊருக்குள் ஓட்டுவீட்டுத் தெருக்களில் இருக்கிறது, இங்கே பிளாட் போட்டுக் கட்டிய வீடுகளில் அதற்கு ஓர் இடுக்கு கிடையாது.

குரலை வைத்துப் பறவையைச் சொல்கிற மெர்லின் செயலியைப் போனில் போட்டிருந்தேன். அது வல்லூறு என்று காட்டியது. வானத்தில் ஒன்றும் இல்லை. மின்கம்பியில் ஒரு கரிச்சான், மைனாக்கள் புழு பொறுக்குகிற இடத்துக்கு நேர் மேலே. மறுபடி வல்லூறின் குரல். மைனாக்கள் அலறிப் பறக்க, கரிச்சான் சாவகாசமாக இறங்கி விட்டுப்போன புழுவை எடுத்துக்கொண்டது. செயலியைக் குற்றம் சொல்ல முடியாது; மைனாவே ஏமாந்தது. வல்லூறை அடித்துவிட்டு, கரிச்சான் 1 என்று எழுதினேன். காதால் கேட்டதைக் கண்ணால் ஒருமுறை சரிபார்க்காமல் ஏற்றக் கூடாது. இதைச் சின்னப் பிள்ளைகள் என்னைவிட ஒழுங்காகச் செய்கிறார்கள்.

ஆறுமணிக்குருவி 1. மாலைப் பட்டியலில்.

தை 19

மலைக்காடு. தை மாதத்தில் எங்கள் பக்கம் படம் எடுப்பவருக்கு ஒரு கஷ்டம்: சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கும். மற்ற ஊரில் பொன்வெயில் அடிக்கிற நேரத்தில் இங்கே நிழல் விழுந்துவிடும். அதனால் காலையில்தான் போகவேண்டும்.

நான் கல்யாணமாகி வந்தபோது மலை மொட்டை. பாறையும் புல்லும்தான். கசக்கினால் எலுமிச்சை வாசம் வருமே, அந்த ஆளுயரப் புல். மாசியில் காயும், பங்குனியில் பற்றும், இரவில் மலைமேல் மாலை போட்டது மாதிரி தீ ஓடும். முளைத்த கன்றெல்லாம் அதோடு போகும். 1980களின் கடைசியிலிருந்து ஆட்கள் கன்று நட ஆரம்பித்தார்கள். பிறகு ஃபாரஸ்ட் வே அறக்கட்டளை, மருதம் பள்ளிப் பிள்ளைகள், ஊர்க்காரர்கள், வெளிநாட்டுக்காரர்கள் என்று வருடாவருடம் நடுகிறார்கள். நடுவதைவிடப் பெரிய வேலை தீத்தடுப்புக் கோடு வெட்டுவது. கோடைக்கு முன்னால் புல்லை அகலமாக அறுத்து வெற்றுத்தரையாக்கிவிட்டால் தீ அந்த இடத்தில் நின்றுவிடும். தண்ணீர் எடுத்துப்போக முடியாத சரிவுகளில் தீயைப் பச்சைத் தழையால் அடித்து அணைக்கிறார்கள். பார்த்திருக்கிறேன். செருப்பு உருகிவிடும்.

இன்று பார்த்தவை எல்லாம் நிழல் வேண்டும் பறவைகள். அரசவால் ஈபிடிப்பான் ஒன்று, வெள்ளை ஆண்; வாலை ரிப்பன் மாதிரி இழுத்துக்கொண்டு ஓடையைத் தாண்டியது. செந்தலைப் பூங்குருவி ஒன்று சருகில். மொட்டை மலையில் இவற்றுக்கு வேலையே இல்லை. மரம் வந்து, மரத்தடியில் சருகு சேர்ந்து, சருகு மக்கி, பிறகு வந்தவை.

ஈபிடிப்பானை இருபத்திரண்டு படம் எடுத்தேன். என் கேமரா நிக்கான் பி900, 83 மடங்கு ஜூம். நிலாவின் பள்ளமெல்லாம் தெரியும். கிளைக்கு நடுவில் இருக்கிற குருவி மட்டும் தெரியாது. முன்னால் இருக்கிற ஒரு குச்சியைப் பிடித்துக்கொண்டு அதையே ஃபோகஸ் செய்யும். இருபத்தொன்றில் குச்சி பிரமாதம். ஒன்றில் வால் மட்டும்.

மாசி 6

கவுத்தி மலை அடிவாரம். மஞ்சள் தொண்டைச் சின்னானைத் தேடி. தென்னிந்தியப் பாறைக் குன்றுகளை விட்டால் வேறெங்கும் இல்லாத பறவை. எண்ணிக்கை குறைந்து அழியும் ஆபத்தில் இருப்பவற்றின் பட்டியலில் இருக்கிறது. புதர் மண்டிய பாறைச் சரிவுதான் அதன் வீடு. இந்தக் கவுத்தி மலையிலும் வேடியப்பன் மலையிலும் இரும்புத்தாது வெட்டும் திட்டம் வந்து, சுற்றுப்பட்ட ஊர்க்காரர்கள் எதிர்த்து நின்றது பலருக்கு நினைவிருக்கும். மலை இருந்த இடத்திலேயே இருக்கிறது.

மூன்று மணி நேரம் ஒரே பாறையைப் பார்த்தேன். ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர் வந்து நின்றார்.

"இன்னாமா, காலைலேர்ந்து அந்தப் பாறையவே பாத்துனு கீறீங்க?"

"ஒரு குருவிங்க ஐயா. தலையும் தொண்டையும் மஞ்சளா இருக்கும்."

"கீது, கீது. பாறை இடுக்குல பொழுதினிக்கும் கீது. ஆனா ஒங்களுக்கு நிக்காது."

நிற்கவில்லை. பதினொரு மணிக்கு ஒன்று புதரிலிருந்து புதருக்குப் போனது. அழுத்தினேன். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால் சின்னான்தான், வாலடி மஞ்சள். வாலடி மஞ்சள் வெண்புருவச் சின்னானுக்கும் உண்டு. தலை இலைக்குப் பின்னால். பெரியவர் பொய் சொல்கிறவர் இல்லை. ஆனால் பட்டியலில் போவது அவர் பெயர் அல்ல, என் பெயர். 'சின்னான், இனம் தெரியவில்லை' என்று போட்டேன். தாழம்பூ இந்தத் தடவை பிழைத்தது.

பங்குனி 3

மதியம் வெளியே போக முடியவில்லை. மண்சட்டியில் தண்ணீர் மாற்றுவதோடு சரி. தினமும் மாற்றவேண்டும், இல்லாவிட்டால் கொசு.

மா. கிருஷ்ணனின் 'மழைக்காலமும் குயிலோசையும்' திரும்ப எடுத்தேன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1950இலிருந்து 1996இல் இறக்கிறவரை கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் இயற்கை பற்றித் தொடர்ந்து எழுதியவர்; 46 வருடம், ஒரே பத்தி. கேமராவை அவரே ஒட்டுப்போட்டுச் சேர்த்து, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்தார். படமெல்லாம் கறுப்பு வெள்ளை. இன்று நம்மிடம் இருக்கிற லென்ஸைப் பார்த்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் தெரியாது. ஆனால் கூட்டுக்குப் பக்கத்தில் கிளையை வெட்டிவிட்டுப் படம் எடுப்பவர்களை என்ன சொல்லியிருப்பார் என்று ஊகிக்க முடிகிறது. போனில் குரல் ஒலிபரப்பிப் பறவையை வரவழைப்பதும் அதே வகைதான். தன் எல்லைக்குள் இன்னொருவன் வந்துவிட்டான் என்று அது பதறி வெளியே வருகிறது. நமக்கு 'லைக்' வருகிறது.

என் படங்களை இன்று எண்ணினேன். ஆறு வருடத்தில் பதினான்காயிரம். சட்டம் போட்டு மாட்டலாம் என்று தேறியது எட்டு. மீதியை அழிக்கலாமா என்று யோசித்து, விட்டுவிட்டேன். எட்டு அழகான படத்தில் ஏழு எந்த ஊரிலும் எடுத்திருக்கக்கூடியவை. ஆட்டம் கண்ட படங்கள்தான் வேங்கிக்காலில் எந்த வருடம், எந்த நாளில், எந்தப் பறவை இருந்தது என்று சொல்கின்றன. பக்கெட் பக்கத்தில் உட்கார்ந்த அந்த நிறக்கலவையும் அதில் சேர்த்தி.

பங்குனி 17

இரவு மலைமேல் தீ. தெற்குச் சரிவு. விடிவதற்குள் அணைத்துவிட்டார்கள்.

எங்கள் தெருவில் காலை ஆறு மணிக்கு மூன்று வீட்டு வாசலில் சருகுக் குவியல் புகைந்துகொண்டிருந்தது. ஆறுமணிக்குருவி இன்று கூப்பிடவில்லை.

சித்திரை 9

மாலை 6.05. ஒரு தடவை மட்டும் சீட்டி.

சித்திரை 15

ஆறு நாளாகச் சத்தம் இல்லை. வடக்கே கிளம்பியிருக்கும். அத்தை ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, "ஒன் சிநேகிதன் போய்ட்டானா?" என்றார். அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

எங்கள் தெருக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வேம்பும் புங்கையும் இப்போது இலை உதிர்த்து ஓய்ந்திருக்கின்றன. பெருக்கிச் சேர்த்ததைக் கொளுத்தாதீர்கள். உங்களுக்குக் குப்பை என்றால் சாக்கில் கட்டி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். புழக்கடைக் கதவு பூட்டுவதில்லை, நார்த்தை மரத்தடியில் கொட்டிவிட்டுப் போகலாம். ஐப்பசியில் உங்கள் பாத்ரூமில் கலர் குருவி உட்கார்ந்திருந்தால் தண்ணீர் ஊற்றாமல் ஒரு குரல் கொடுங்கள். செருப்பு டப்பா தயாராக இருக்கிறது.